திங்க்பேட்-ஏசிபிஐ இயக்கி

திங்க்பேட்-ஏசிபிஐ என்பது திங்க்பேட் வகை மடிக்கணினிகளுக்காக லினக்ஸ் கருனியில் இடம்பெற்றுள்ள ஒரு சாதன இயக்கி ஆகும். இயங்குதளத்தின் மையமாக இருந்து வன்பொருளோடு நேரடியாகத் தொடர்பு கொள்ளும் பகுதியே கருனி (கெர்னல்) எனப்படுகிறது. இம்மடிக்கணினிகளில் சில விசைகளை அழுத்தினாலும் அச்செய்தி தானாக இயங்குதளத்தைச் சென்றடைவதில்லை. அவ்விசைகளை வெளிக்கொணர்ந்து, ஏனைய விசைகளைப் போலப் பயன்படுத்தச் செய்வது இவ்வியக்கியின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகும்.

திங்க்பேட் கணினிகளை 1992 முதல் ஐபிஎம் நிறுவனமும் 2005 முதல் லெனோவோ நிறுவனமும் விற்பனை செய்துவந்துள்ளன. போரிஸ்லாவ் டெயனோவ் எழுதிய இவ்வியக்கி முதலில் ஐபிஎம்-ஏசிபிஐ என்றே வழங்கியது. பின்னர் என்ரிக் டி மொரைஸ் ஓல்சுக் இதன் பராமரிப்பை ஏற்றார். 2007 இல் வெளியான 2.6.22 பதிப்பில் இன்றைய பெயர் சூட்டப்பட்டது.

விசைகள் மறைந்திருப்பதன் காரணம்

சாதாரண விசை ஒன்றை அழுத்தினால் விசைப்பலகை ஒரு குறியீட்டை அனுப்பும். கருனியின் விசைப்பலகை இயக்கி அதைப் படித்துக்கொள்ளும். ஆனால் எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தப்படும் விசைகளும், நீல நிற 'அக்சஸ் ஐபிஎம்' பொத்தான் போன்றவையும் இவ்வழியில் வருவதில்லை. தாய்ப்பலகையில் உள்ள நுண்கட்டுப்படுத்தியே அவற்றைக் கவனிக்கிறது. ஒளிர்வைக் கூட்டுவது, விளக்கை ஏற்றுவது போன்ற செயல்களை நிலைபொருள் தானே செய்து முடித்துவிடும். எந்த இயங்குதளம் நிறுவப்பட்டிருந்தாலும், எதுவும் நிறுவப்படாவிட்டாலும் விளக்கு எரியும் என்பது இதன் நன்மை. அவ்விசைக்கு வேறொரு பணியைத் தரப் பயனரால் இயலாது என்பது இதன் விலை.

செயல்படும் முறை

நிலைபொருளும் இயங்குதளமும் உரையாடுவதற்கான பொது வரையறையே ஏசிபிஐ. திங்க்பேட் நிலைபொருள் இவ்வரையறையின்படி விசைகளுக்கென ஒரு கற்பனைச் சாதனத்தைக் காட்டுகிறது. மறைவிசை அழுத்தப்பட்டதும் அச்சாதனம் கருனிக்கு 'ஏதோ நிகழ்ந்தது' என்று மட்டும் அறிவிக்கும். என்ன நிகழ்ந்தது என்பதை இயக்கிதான் கேட்டறிய வேண்டும். வரிசையில் காத்திருக்கும் நிகழ்வு எண்களை, சுழியம் கிடைக்கும் வரை, அது ஒவ்வொன்றாகப் பெறுகிறது. எடுத்துக்காட்டாக, பதினறும எண் 1018 மேற்கூறிய நீலப் பொத்தானைக் குறிக்கும். இயக்கி அவ்வெண்ணைத் தன் அட்டவணையில் தேடி, பொருத்தமான விசைக்குறியீடாக மாற்றி, கருனியின் உள்ளீட்டுப் பகுதியிடம் ஒப்படைக்கிறது. அட்டவணையில் இல்லாத எண் வந்தால் அதனைப் பதிவேட்டில் எழுதி, நிகழ்ந்த சூழலைத் தெரிவிக்குமாறு பயனரைக் கேட்டுக்கொள்கிறது.

எந்தெந்த விசைகள் தனக்கு வேண்டும் என்பதை இயக்கி 32 பிட்டுகள் கொண்ட ஒரு மாஸ்க் மூலம் தெரிவிக்கும். பிட்டு 1 ஆயின் இயக்கி அவ்விசையைக் கேட்கிறது. 0 ஆயின் நிலைபொருளிடமே விட்டுவிடுகிறது. இது கட்டளை அன்று, வேண்டுகோளே. நிலைபொருள் அதைப் பலமுறை ஏற்பதில்லை என்பதை இயக்கியின் ஆவணமே சொல்கிறது.

ஏ30, டி20, எக்ஸ்22 போன்ற பழைய கணினிகள் சில விசை நிகழ்வுகளை ஏசிபிஐ வழியே அறிவிப்பதில்லை. அங்கே இயக்கி, மின்கலத்தால் காக்கப்படும் சிறு நினைவகத்தை நொடிக்குப் பத்து முறை படித்து, மாறியுள்ள மதிப்பைக் கொண்டு எவ்விசை அழுத்தப்பட்டது என ஊகிக்கிறது. மெதுவாகப் படித்தால், அடுத்தடுத்து இருமுறை அழுத்தியது ஒருமுறையாகத் தோன்றலாம்.

வெளிக்காட்டுவதில் உள்ள இடர்கள்

எல்லா விசைகளையும் வெளிக்காட்டுவது நன்றன்று. ஒலியளவு விசைக்கு நிலைபொருள் தானே செயல்படும் கணினிகளில், அதே நிகழ்வை இயங்குதளத்துக்கும் அனுப்பினால் ஓர் அழுத்தத்திற்கு ஒலி இருமுறை மாறும். எனவே அத்தகைய விசைகளுக்கு 'ஒதுக்கப்பட்டது' என்னும் குறியீடு தரப்படுகிறது. அவை வெளியே தெரிவதில்லை.

கருனி வெளிக்காட்டிய பின்னரும் ஒரு விசை மேலே உள்ள அடுக்கில் மறைந்துபோகக்கூடும். ஒலிவாங்கியை அணைக்கும் விசைக்கு லினக்ஸ் தந்த குறியீடு 248. எக்ஸ் சாளர முறைமை ஒவ்வொரு குறியீட்டுடனும் 8 ஐக் கூட்டிக்கொள்ளும். அதன் நெறிமுறை ஏற்கும் உச்ச எண்ணோ 255. கூட்டினால் 256 வருவதால், ஒரே ஓர் எண் வேறுபாட்டில் அவ்விசை பயன்பாடுகளுக்கு எட்டாமற் போயிற்று. இதைச் சரிசெய்ய, பெரும்பாலான விசைப்பலகைகளில் இல்லாத எஃப்20 விசையின் குறியீடான 190 அதற்கு மாற்றாக வழங்கப்பட்டது.