மீன்கழிவும் சுறாவின் பழக்கமும்

பிள்ளை பெற்ற தாய்க்குப் பத்தியக் கறியாகும் பால்சுறாவையும் அதையொத்த சிறுசாதிகளையுமே பெரிதும் கண்டு பழகிய தீவக மக்களுக்குச் சுறாவைப்பற்றிய பீதி இயல்பாக இருப்பதில்லை. உலகமனைத்திலும்கூட, மனிதர் சீண்டாமலே நிகழும் சுறாக்கடிகள் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 60 முதல் 70 வரையே. ஆயினும், மீன்கழிவைக் கொட்டும் முறை மாறுமிடத்துச் சுறாவின் நடமாட்டமும் மாறக்கூடும் என்பதை ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவுக் கரைகளில் வாழ்வோர் அறிந்துவைத்தல் அவசியம்.

வள்ளத்துக்கு வள்ளம் சிறிதளவாகக் கடலில் விழும் குடலையும் பூவையும் செதிளையும் நண்டும் சிறுமீனும் பறவையும் தீர்த்துவிடுகின்றன. வாடிகள் பெருகி, ஒரே துறையில், ஒரே வேளையில், நாடோறும் கூடைகூடையாகக் கழிவு கொட்டப்படுமாயின், நீரோட்டம் சுமந்துசெல்லும் அந்த வாசனையைத் தொடர்ந்து வரும் சுறா, இடத்தையும் நேரத்தையும் மனத்திற் பதித்துக்கொள்கின்றது. யூஜினி கிளார்க் என்னும் அமெரிக்க விலங்கியல் அம்மையார், 1950களின் பிற்பகுதியில், ஒரு பலகையை மூக்கால் முட்டினால் இரை கிடைக்கும் என்று எலுமிச்சைச் சுறாக்களைப் பழக்கிக்காட்டியபின், அவற்றை அறிவற்ற ஜந்துக்கள் என்பதற்கு இடமில்லாது போயிற்று.

பழகிய இடத்தில் இரை திடீரென நின்றால் அவை அன்றே அகன்றுவிடுவதில்லை. சிலகாலம் எதிர்பார்ப்போடு சுற்றித்திரிந்து, பின்னரே கலைகின்றன. கொட்டுமிடத்தை மாற்றினாலோ, புதிய வாசனை புதிய இடத்துக்கு அவற்றை அழைக்கும். பிரேசில் நாட்டு ரெசிஃபே கடற்கரையில் 1992 முதல் 60க்கு மேற்பட்ட சுறாத்தாக்குதல்கள் பதிவானதற்கு, சுவாப்பே துறைமுக நிர்மாணத்தால் கழிமுகங்கள் குலைந்தமையோடு, ஆற்றில் விடப்பட்ட இறைச்சிக்கூடக் கழிவும் ஒரு காரணமாயிருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். நம் கடலுக்கு அத்தகைய அபாயம் வந்துவிட்டதென்று கூறுவது மிகையாகும். ஆனால் குளிக்கும் துறையையும் மீன்வெட்டும் துறையையும் ஒன்றாக வைத்திருப்பதற்கு நியாயம் எதுவுமில்லை.

ஆனி மாதத்தில் நாகபூஷணி அம்மன் மகோற்சவத்துக்கு அடியார்கள் திரளும் நயினாதீவில் இப்பிரிவினை விசேஷமாகப் பேணப்படவேண்டும். பழைய துறையொன்றில் கழிவு கொட்டுதலை நிறுத்துவோர், அங்கே சிறுவர் நீந்துவதையும் சிலகாலம் தடுத்துவைத்தல் நன்று. கடலுக்குப் போகாத கழிவை வீணாக்கவேண்டியதுமில்லை: தென்னையடியில் குழிதோண்டிப் புதைக்கலாம்; சமஅளவு வெல்லம் கலந்து மூடிவைத்துப் புளிக்கவிட்டு, வடித்த சாற்றை நீரில் கரைத்துப் பயிருக்குத் தெளிக்கலாம்; கல்லும் சுண்ணாம்பும் மிகுந்த நெடுந்தீவு மண்ணுக்கு அவ்வெரு மிகவும் பிரயோசனமாகும்.