திருகோணமலையும் வல்லரசுகளும்

வல்லரசு என்ற சொல்லைக் கேட்டதும் பீரங்கியும் போர்க்கப்பலுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை வந்து போகும் காலம் பெரும்பாலும் சில நாள்களே. அவற்றை ஏவிய கையோ அதற்குப் பின்னும் நெடுங்காலம் ஊரின்மீது தங்கிவிடுகிறது. கோயிலில், கூலியில், அடுக்களையில், நீதிமன்றத்தில், காணி உறுதியில் அக்கையின் அடையாளத்தைக் காணலாம். எந்த ஊரில் இதனை நன்கு காணலாம் என்று நேயர்கள் கேட்பின், திருகோணமலைக்கு வாருங்கள் என்பேன்.

முதலில் அத்துறைமுகத்தின் இயல்பைச் சொல்லவேண்டும். அது தெரியாவிடில் ஏனையவை விளங்கா. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்கிறது. அக்குடாவின் அடித்தரை பெரும் பள்ளத்தாக்காகக் கீழே இறங்கிச் செல்கிறது. குன்றுகள் காவல் நிற்கும் உட்டுறைமுகமோ எக்காற்றுக்கும் அஞ்சாதது. சோழமண்டலக் கரையில் இத்தகைய புகலிடம் வேறொன்றும் இல்லை. சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் அமைந்ததே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதற்கு முன்னர் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கினால் அங்கே நிற்பது ஆபத்து. ஒன்றில் பம்பாய்க்குச் சுற்றிப் போகவேண்டும். அல்லது திருகோணமலைக்கு வரவேண்டும். வங்கக் கடலை ஆள விரும்பிய அரசுகள் யாவும் இத்துறையை நாடியதற்கு இதுவே அடிப்படை.

இதற்கு ஒரு சிறு கதை உண்டு. 1659ஆம் ஆண்டின் இறுதியில் மசூலிப்பட்டினத்திலே புயலில் சிக்கிப் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், புது மரம் நாட்டுவதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கப்பற்றலைவரும் அவர் மகன் றொபேட் நொக்சும் மற்றுஞ் சிலரும் 1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் அகப்பட்டனர். மகன் தப்பிச் செல்ல ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. அவர் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. முறிந்த பாய்மரம் ஒன்றினால் ஐரோப்பாவுக்கு இலங்கையைப் பற்றிய புகழ்பெற்ற நூல் ஒன்று கிடைத்தது என்று சொன்னாலும் பிழையில்லை.

இதே மாவட்டத்தில், தெற்கே வெருகலை அண்டி, இலங்கைத்துறை முகத்துவாரம் என்னும் சிற்றூர் இருக்கிறது. பெயரைப் பார்த்தால் அதுவே இத்தீவின் துறை என்று தோன்றும். ஆனால் அது களப்பு கடலோடு கலக்கும் ஆழங்குறைந்த வாய், தோணிக்கே ஏற்றது. பேரரசுகளின் கடற்படைகள் அதனை நாடி வரவில்லை. ஆழம் இல்லாமையும் ஒருவகைக் காப்புத்தான் போலும்! 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் 2006ஆம் ஆண்டின் போர் இடப்பெயர்வும் மட்டும் அக்காப்பை மதிக்கவில்லை.

ஆழமுள்ள துறைக்கு நேர்ந்ததை இனிப் பார்ப்போம்.

போர்த்துக்கேயத் தளபதி கொன்சுத்தந்தீனு த சா 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினார். கோட்டை வாயிற் கல்லிலே பாண்டியரின் இரட்டைக் கயலை இன்றும் பார்க்கலாம். இடித்தவர்கள் இவ்வூரில் இருந்ததோ இருபது ஆண்டுக்கும் குறைந்த காலமே. 1639இல் ஒல்லாந்தர் அவர்களை வெளியேற்றினர். எனினும் வழிபாட்டின் முறையே மாறிவிட்டது. அடியார் மறைத்து எடுத்துச் சென்ற மூர்த்தங்கள் காரணமாகத் தம்பலகாமத்தில் ஆதி கோணநாயகர் கோயில் எழுந்தது என்பர். மலையிலோ, கோயிலற்ற வெறும்பாறையின் உச்சியில் நின்று கடலை நோக்கிப் பூவும் பழமும் இட்டு வழிபடும் வழக்கம் ஆங்கிலேயர் காலத்திலும் நிலைத்தது. 1950இல் பட்டினசபையார் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து தெய்வத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் கடலுக்கடியில் கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். மீண்டும் எழுந்த கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963இல். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி! இன்றும் அடியார்கள் படையினர் தங்கியுள்ள பிரட்றிக் கோட்டையின் வாயில் வழியாகவே கோணேசரைக் காணச் செல்கிறார்கள். கோயிலுக்குப் போகும் வழி கோட்டைக்குள் இருக்கிறதே என்று வியப்பவர்கள், கோயில் வளவுக்குள்தான் கோட்டை வந்தது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

அடுக்களைக்கும் கந்தோருக்கும் வருவோம். நாம் உட்காரும் கதிரையும் வாங்கும், உடுப்பு வைக்கும் அலுமாரியும், காலில் அணியும் சப்பாத்தும், காலையில் உண்ணும் பாணும் போர்த்துக்கேயச் சொற்கள். கந்தோர் என்பதும் கக்கூசு என்பதும் ஒல்லாந்தச் சொற்கள். ஒரு கந்தோரும் ஒரு கக்கூசும்தாமா ஒல்லாந்தர் தந்தவை என்று நகைக்க வேண்டாம். அவர்கள் விட்டுச்சென்றவற்றுள் பெரியது சட்டம். யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை உண்டு. அத்தகைய தனி வழக்கு இல்லாத இடத்தில் இந்நாட்டு நீதிமன்றங்கள் இன்றும் உரோமன்-ஒல்லாந்தச் சட்டத்தையே துணைக்கொள்கின்றன. கடன்பட்டவனும் காணி வாங்கியவனும் தம்மை அறியாமலே ஒல்லாந்தரின் நிழலில் நிற்கிறார்கள்.

1782ஆம் ஆண்டில் இவ்வூர் பட்ட பாட்டைச் சொல்லாமல் விடலாகாது. சனவரியில் ஆங்கிலத் தளபதி இயூசு ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைப் பிடித்தார். ஓகஸ்ட் மாத முடிவில் பிரான்சியத் தளபதி சுவ்றேன் அதனைப் பறித்தார். செப்டெம்பர் 3ஆம் நாள் இரு கடற்படைகளும் துறைமுகத்துக்கு வெளியே மோதின. வாடைக்காற்று நெருங்கவே ஒருவர் பம்பாய்க்கும் மற்றவர் சுமாத்திராவிலுள்ள ஆச்சேக்கும் சென்றனர். பின்னர் ஐரோப்பாவில் சமாதானம் பேசியவர்கள் ஊரைத் திரும்ப ஒல்லாந்தருக்கே கொடுத்துவிட்டார்கள். ஓராண்டுக்குள் மூன்று கொடிகள். அவற்றுள் ஒன்றைக்கூட ஊரவர் ஏற்றவில்லை.

1795இல் ஆங்கிலேயர் திரும்ப வந்தனர். இம்முறை 162 ஆண்டுகள் தங்கினர். பம்பாயில் தேக்கினாற் கட்டி 1817இல் மிதக்கவிட்ட போர்க்கப்பல் ஒன்றுக்குத் திருகோணமலை என்றே பெயரிட்டனர்; அது இன்றும் இங்கிலாந்தின் ஆட்டில்பூல் நகரில் காட்சிக்கு நிற்கிறது. இத்தனை பற்று வைத்தவர்கள் இவ்வூரை வணிக நகராக வளர்த்தார்களா என்றால், இல்லை. தேயிலையும் கோப்பியும் விளைந்த மலைநாட்டுக்கு அண்மையிலிருந்த கொழும்பையே அதற்குத் தெரிந்தெடுத்தார்கள். இயற்கையில் நல்ல துறையில்லாத கொழும்புக்கு 1875 முதல் பெருஞ்செலவில் அலைதாங்கி கட்டினார்கள். இயற்கையே கட்டிக்கொடுத்த திருகோணமலைக்குப் புகையிரதப் பாதை வந்ததோ 1920களின் பிற்பகுதியில்தான். கொழும்பு கடை, திருகோணமலை பூட்டு. இதுவே அவர்கள் வகுத்த பங்கீடு. ஓர் ஊர் எதற்காக இருக்கவேண்டும் என்று முடிவுசெய்யும் அதிகாரம் பீரங்கியினும் வலியது என்று நான் கருதுகிறேன். ஏனெனில் அம்முடிவு ஊரவரின் தொழிலையே வகுத்துவிடுகிறது. வணிகம் வளராத ஊரில் மாதச் சம்பளம் தேடியவர் போகும் இடம் டொக்யாட் ஒன்றாகவே இருந்தது.

போர்க்கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியபோது சீனன்குடாவை அடுத்த காட்டுக்குள் உருக்குத் தாங்கிகள் எழுந்தன. 1920களிலும் 30களிலும் கட்டப்பட்ட அவை நூற்றுக்குச் சற்று மேல். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். அவற்றிலுள்ள எண்ணெய் ஊருக்குரியதன்று. அதனால் வரக்கூடிய ஆபத்து மட்டும் ஊருக்குரியது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்பிரல் 5ஆம் நாள் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் நாள் திருகோணமலையைத் தாக்கின. தாங்கி ஒன்று தீப்பற்றி அழிந்தது. துறைமுகத்தை விட்டுத் தெற்கே விலகிச் சென்றிருந்த 'ஏர்மிசு' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அதில் 307 பேர் மாண்டனர். பிரித்தானியக் கடற்படை கிழக்கு ஆபிரிக்காவின் கிலிந்தினித் துறைக்குப் பின்வாங்கி, 1944இல் திரும்பியது. அவ்வாண்டு ஓகஸ்ட் 8ஆம் நாள் 'வேலியன்ற்' என்னும் பெரும் போர்க்கப்பலைத் தாங்கி நின்ற மிதக்கும் தளம் உடைந்து கடலடியில் அமிழ்ந்தது. அது இன்னும் அங்கேயே கிடக்கிறது.

1948இல் நாடு விடுதலை பெற்றபோதும் தளம் ஆங்கிலேயரிடமே இருந்தது. 1947ஆம் ஆண்டின் பாதுகாப்பு உடன்படிக்கை அதற்கு இடமளித்திருந்தது. 1956இல் பிரதமரான எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா தளத்தைத் திரும்பக் கேட்டார்; 1957 ஒக்டோபரில் அது இலங்கையின் கைக்கு வந்தது. தன்மானமுள்ள நாடு வேறென்ன செய்யும்? ஆனால் கொடி இறங்கிய நாள் சம்பளமும் நின்ற நாள் என்பதைப் பேசுவோர் சிலரே. வேலையிழந்தவர்களுள் 400க்கு மேற்பட்ட தமிழ்த் தொழிலாளரைப் பொலனறுவை மாவட்டத்திலே குடியேற்ற அரசு எண்ணியது. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறி ஈராண்டும் ஆகாத காலம் அது. அங்கிருந்தோர் எதிர்ப்புக் காட்டினர், கும்பல்கள் திரண்டன. 1958 மே மாதத்தில் நாடெங்கும் பரவிய வன்செயலுக்குக் காரணங்கள் பல. இக்குடியேற்ற எண்ணம் அவற்றுள் ஒன்று. தொடக்கத் தாக்குதல்கள் நிகழ்ந்த இடம் பொலனறுவைப் புகையிரத நிலையம். டொக்யாட்டில் சுத்தியல் பிடித்த ஒருவன், இலண்டனிலும் கொழும்பிலும் எடுக்கப்பட்ட முடிவுகள் தன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எப்படி அறிவான்? வருகிற வல்லரசுக்கு எதிராக மதில் எழுப்பலாம். போகிற வல்லரசு விட்டுச்செல்லும் வெற்றிடத்துக்கு மதிலும் இல்லை. அவ்வெற்றிடத்தை நிரப்பக் கடமைப்பட்ட அரசு அதற்கு ஆயத்தமாக இருக்கவில்லை என்பதே என் துணிபு.

அதன் பின் வந்த சக்திகள் பெரும்பாலும் ஒப்பந்தத் தாளோடு வந்தன. சிங்கப்பூர்க் கம்பனி ஒன்று சீனன்குடாவில் அமைத்த கோதுமை மா ஆலை 1980இல் இயங்கத் தொடங்கியது. ஆழ்ந்த துறையில் பெருங்கப்பல்கள் இறக்கும் கோதுமை அங்கே மாவாகித் தீவெங்கும் பாணாகிறது. பாண் என்னும் சொல்லைத் தந்தவர் ஒருவர்; மாவைத் தந்தவர் மற்றொருவர்.

1987 யூலை 29ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தபோது கடிதங்களையும் மாற்றிக்கொண்டனர். இந்திய நலனுக்கு ஊறு விளையுமாறு திருகோணமலையை எந்நாட்டின் படைத்தேவைக்கும் விடுவதில்லை என்பதும், எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடுகளும் கூட்டாகச் சீர்ப்படுத்தும் என்பதும் அவற்றில் உள்ளன. அச்சீரமைப்புக்குத் திட்டமான பங்கீடு வந்தது 2022 சனவரியில். எஞ்சிய 99 தாங்கிகளில் 14 இந்திய எண்ணெய்க் கம்பனிக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இருவரும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கும் என்று பிரிக்கப்பட்டது. அக்கூட்டில் இலங்கைக்கு நூற்றுக்கு 51, இந்தியப் பக்கத்துக்கு 49. 2025 ஏப்பிரலில் ஐக்கிய அரபு இராச்சியமும் சேர்ந்து, திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வில் ஒப்பமிட்டது.

குடாவின் தென்கரையிலே சம்பூர் இருக்கிறது. வயலும் மேய்ச்சல் நிலமும் கடற்றொழிலும் உடைய ஊர். 2006ஆம் ஆண்டுப் போரில் அதன் மக்கள் வெளியேறினர். போர் அவ்விடத்தை விட்டுப் போன பின்னரும் அவர்கள் திரும்ப முடியவில்லை. காணிகள் பாதுகாப்பு வலயத்துக்குள்ளும் கைத்தொழில் வலயத்துக்குள்ளும் அடங்கின. இந்திய உதவியோடு 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் அமையும் என்றனர். முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 2015இலிருந்து காணிகள் படிப்படியாக விடப்பட்டன. 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்பிரலில் அங்கே 120 மெகாவாற்றுச் சூரிய மின்நிலையத்துக்குத் தொடக்க விழா நடந்தது. நிலக்கரிக்குச் சூரியன் மேல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இடையில் ஊர் திரும்பியவர்களுக்கு முதல் வேலை, வளவை மூடியிருந்த பற்றைக்காட்டை வெட்டித் தம் வேலியின் எல்லை எதுவென்று தேடுவதாகவே இருந்தது.