வீட்டுக்கும் வகுப்பறைக்கும் நடுவே

ஷூ போட்டாயிற்று, முதுகுப் பையும் மாட்டியாயிற்று. ஆனால் வாசற்படியில் உட்கார்ந்த பிள்ளை எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. வயிறு வலிக்கிறதாம், தலை சுற்றுகிறதாம். மணி பத்தைத் தாண்டி, 'இன்றைக்கு இனி ஸ்கூல் இல்லை' என்று உறுதியானதும் முகம் தெளிந்துவிடுகிறது. அப்போது பெற்றோருக்கு வரும் முதல் சந்தேகம்: காலையில் நடித்ததா?

இந்தச் சந்தேகத்தோடு நீண்ட காலம் மல்லுக்கட்டிய நாடு ஜப்பான். நோய், வறுமை தவிர்த்த காரணங்களால் ஆண்டுக்கு 30 நாட்களோ அதற்கு மேலோ பள்ளிக்கு வராத பிள்ளைகளை அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் 'ஃபுதோகோ' என்று தனியாகக் கணக்கெடுக்கிறது. கட்டாயக் கல்வி வயதில் உள்ளவர்களில் மட்டும் 2023 கல்வியாண்டில் இவர்கள் 3,46,482 பேர். பத்தாண்டுகளில் ஏறக்குறைய மூன்று மடங்கு.

ஒரு காலத்தில் அங்கேயும் பழி முழுவதும் வீட்டின் மேல்தான் விழுந்தது. 'அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்' என்றார்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியையான ஒகுச்சி கெய்கோவின் சொந்த மகனே பள்ளிக்குப் போக முடியாமல் முடங்கினான். அந்த அனுபவத்தில் இருந்து 1985-ல் அவர் தொடங்கியதுதான் 'டோக்கியோ ஷூரே' என்ற மாற்றுப் பள்ளி. 1992-ல் அமைச்சகமே இறங்கி வந்து, பள்ளிக்குப் போக முடியாத நிலை எந்தப் பிள்ளைக்கும் நேரக்கூடியது என்று அறிவித்தது.

நடிப்பு என்ற சந்தேகத்துக்கு மருத்துவர்களிடம் பதில் இருக்கிறது. பதற்றம் ஏறும்போது குடல் இறுகும், குமட்டும், நெஞ்சு படபடக்கும், வலி உண்மையானது. வளரிளம் வயதில் சிலருக்குக் காலையில் எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்கிவிடும், அல்லது இதயத்துடிப்பு எகிறும். மாலையில் அதே பிள்ளை நன்றாக இருக்கும். ஜப்பானியக் குழந்தை மருத்துவர்கள் இதைத் தனியாகச் சோதித்துப் பார்க்கிறார்கள். சோம்பேறி என்று திட்டு வாங்கிய பலருக்கு இருந்தது இந்தக் கோளாறுதான்.

வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இந்தப் பதற்றம் தெரிவதில்லை என்பதுதான் சிக்கல். அமைச்சகம் ஏற்பாடு செய்து 2024-ல் வெளியான ஓர் ஆய்வில், பள்ளிக்கு வராத மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்களுக்குப் பயமும் மனச்சோர்வும் இருந்ததாகச் சொன்னார்கள். ஆசிரியர்களின் பதிவிலோ ஐந்தில் ஒரு பிள்ளைக்குத்தான் அது காணப்பட்டது.

சரி, என்ன செய்கிறார்கள்? வீடு அல்லது வகுப்பறை என்று இரண்டே வழிகளை வைக்காமல், நடுவில் பல படிகளைப் போட்டிருக்கிறார்கள். பள்ளியின் மருத்துவ அறைக்கு மட்டும் வந்து, செவிலி ஆசிரியையிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அங்கேயே பாடம் எழுதிவிட்டுப் போகும் மாணவர்கள் உண்டு. எல்லோரும் கிளம்பிய பிறகு, மாலையில் வந்து ஆசிரியரைப் பார்த்துவிட்டுத் திரும்புபவர்களும் உண்டு. மாற்றுப் பள்ளிக்குப் போனாலும், தலைமை ஆசிரியர் ஒப்புக்கொண்டால் சொந்தப் பள்ளியில் வருகைப்பதிவு கிடைக்கும். 2015 கோடை விடுமுறை முடியும் நேரத்தில் காமகுரா நகர நூலகம், பள்ளியை நினைத்தாலே உயிர் போகிறது என்றிருக்கும் பிள்ளைகளைத் தன்னிடம் வரச்சொல்லி ட்விட்டரில் அழைத்தது. நாள் முழுக்க இருந்தாலும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், காமிக்ஸும் இருக்கிறது என்றது. அந்தப் பதிவு நாடெங்கும் பரவியது.

2016-ல் வந்த சட்டம், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஓய்வு தேவை என்பதையே ஏற்றுக்கொண்டது. ஆனால் ஓய்விலும் ஒரு கண்ணி இருக்கிறது. வீட்டில் இருந்துவிட்டால் பயம் உடனே தணியும். அந்த நிம்மதியே மறுநாள் காலையில் பள்ளியை இன்னும் பெரிய பூதமாக்கிவிடும். அதனால் உளவியலாளர்கள் சொல்வது இரண்டையும் சேர்த்துத்தான். அடித்து இழுத்துப் போகக் கூடாது. அப்படியே விட்டுவிடவும் கூடாது. எழும் நேரமும் சாப்பாட்டு நேரமும் மாறக் கூடாது. "நாளைக்காவது போவியா?" என்று தினமும் நச்சரிக்காமல், முதலில் பள்ளி கேட் வரை, பிறகு ஒரு பீரியட், பிறகு அரை நாள் என்று பிள்ளையோடு பேசி முடிவு செய்ய வேண்டும். காரணம் சக மாணவர்களின் கேலியோ ஆசிரியரின் கடுமையோ என்றால் அதை முதலில் தீர்க்க வேண்டும். அதற்கு முன் படியேற்றம் பலிக்காது. தனியாகச் சமாளிக்க முடியாத தமிழ்நாட்டுப் பெற்றோர் 14416 என்ற டெலி மனஸ் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம்.

'படிப்பே போச்சே' என்ற கவலைக்கும் ஜப்பானில் ஒரு வழி இருக்கிறது. தினமும் வகுப்புக்குப் போகத் தேவையில்லாத அஞ்சல்வழி உயர்நிலைப் பள்ளிகள் அங்கே பெருகியிருக்கின்றன. உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் இன்று சுமார் பத்தில் ஒருவர் அவற்றில்தான் படிக்கிறார்.

இத்தனைக்குப் பிறகும் ஓட்டைகள் அடைபடவில்லை. மாற்றுப் பள்ளிகள் பெரும்பாலும் தனியாருடையவை. 2015-ல் அமைச்சகம் விசாரித்தபோது சராசரி மாதக் கட்டணம் சுமார் 33,000 யென். டோக்கியோ மாநகர நிர்வாகம் அண்மையில் மாதம் 20,000 யென் வரை உதவித்தொகை தரத் தொடங்கியது. எல்லா ஊரிலும் அந்த வசதி இல்லை. 2023 கணக்கில் வந்த பிள்ளைகளில் பத்தில் கிட்டத்தட்ட நான்கு பேர் பள்ளிக்கு உள்ளேயோ வெளியேயோ எந்த ஆலோசகரையும் சந்திக்கவே இல்லை.