சிறுவர்க்குக் கணினி

வட்டக்கச்சியின் வயல்கள் இரணைமடுக் குளத்து நீரால் விளைபவை. ஆதலின் அவ்வூர்ப் பிள்ளைக்கு வாய்க்காற் கதவு நன்கு தெரியும். திறந்தால் நீர் பாயும், மூடினால் நிற்கும். கணினியின் உள்ளேயும் இத்தகைய கதவுகளே கோடிக்கணக்கில் உள்ளன. திறப்பு ஒன்று, அடைப்பு சுழியம். கமக்காரர் சில வேளை கதவைப் பாதி திறப்பதுண்டு. கணினியிலோ அந்தப் பாதிக்கு இடமில்லை.

இதனைக் கற்பிக்கக் கணினியே வேண்டாம் என்று 1990களில் காட்டியவர்களுள் நியூசிலாந்துப் பேராசிரியர் டிம் பெல் ஒருவர். ஐந்து அட்டைகளில் முறையே 16, 8, 4, 2, 1 என்று புள்ளிகள் இடுக. ஐந்து பிள்ளைகள் அவற்றை ஏந்தி வரிசையாக நிற்கட்டும். எட்டும் ஒன்றும் முகங் காட்ட, ஏனையவை மறைந்திருப்பின் விடை 9. இவ்வாறு சுழியம் முதல் 31 வரை எந்த எண்ணையும் காட்டலாம். ஆறாவது அட்டையில் எத்தனை புள்ளி வரும் என்று கேளுங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் 32 என்று சொல்லிவிடும்.

2009ஆம் ஆண்டுப் போரில் ஊரை விட்டு இடம்பெயர்ந்து, பின்னர் மீளக் குடியமர்ந்த மக்கள், பள்ளிக்குக் கணினி வந்தாற் போதும் என்று எண்ணுவது இயல்பே. ஆயின் பெரு நாட்டில் நடந்ததைக் கருதுக. அங்கே பிள்ளைகளுக்கு எட்டு இலட்சத்திற்கு மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பெற்றன. நாட்டுப்புறப் பள்ளிகள் 319இல் நடத்திய ஆய்வு 2012இல் வெளிவந்தது. கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் காணப்படவில்லை. கருவி வந்தது; அதனைப் பாடத்தோடு இணைக்கும் ஆசிரியப் பயிற்சி போதிய அளவு வரவில்லை என்பதே என் கருத்து.

தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 'கொ' என்று எழுதுகையில் கை கொம்பை முதலில் இடுகிறது. பழைய தட்டச்சுப் பொறியும் அவ்வாறே. ஒருங்குறி முறையில் கணினி சேமிப்பதோ முதலில் ககரம், அதன் பின்னரே உயிர்க்குறி. 1999இல் வந்த தமிழ்99 விசைப்பலகையும் மெய்யை முன்னும் உயிரைப் பின்னுமாக அழுத்தச் சொல்கிறது. இதில் மருளத் தேவையில்லை. க், ஒ சேர்ந்து கொ ஆகும் என்று அரிச்சுவடி வகுப்பிற் படித்த பாடம் அன்றோ இது! கணினி கைக்கு வருமுன்னரே இதனைக் கரும்பலகையில் விளக்கிவிடலாம்.

மூன்றாம் வகுப்பிற்குரிய பயிற்சி ஒன்று சொல்லுவேன். 'வட்டக்கச்சி' என்று எழுதி எழுத்துகளை எண்ணச் சொல்லுங்கள். ஏழு வரும். கணினியோ அதே பெயரைப் பதினொரு குறிகளாகச் சேமிக்கிறது. மிகுதி நான்கும் எங்கிருந்து வந்தன என்று பிள்ளைகளே தேடட்டும். மூன்று புள்ளிகளும், கடைசிச் சகரத்தின் மேல் வளைந்த இகரக் குறியும் அவர்கள் கண்ணில் படும்.