மார்கரெட் கசின்ஸ் அம்மையாரின் இரு குழாங்கள்

எழுத்தாளரை அவர்தம் குடும்பத்தோடும் நட்புக் குழாத்தோடும் வைத்து ஆராய்தல் நன்று. எனினும், குழாத்தின் புகழ் ஒருவரது எழுத்தை மறைத்தலும் உண்டு. மார்கரெட் கசின்ஸ் அம்மையார் (1878–1954) இதற்குச் சான்றாவார்.

அயர்லாந்தின் பாயில் நகரிற் பிறந்து இசையிற் பட்டம் பெற்ற இவர், 1903-இல் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸை மணந்தார். டப்ளினில் யேட்ஸ், ஜார்ஜ் ரசல் முதலிய கவிஞர்கள் இவர்தம் நண்பராயினர். 1904-இல் ஜேம்ஸ் ஜாய்ஸ் இவர்கள் இல்லத்திற் சில நாள் தங்கினார். இக்குழாத்தை மட்டும் நோக்குவார்க்கு அம்மையார் கவிஞரின் மனைவியாகவே தோன்றுவார்.

ஆனால், அவர்க்கு வேறொரு குழாமும் இருந்தது. 1908-இல் ஹன்னா ஷீஹி ஸ்கெபிங்டன் முதலியோருடன் பெண்களின் வாக்குரிமைக் கழகத்தைத் தோற்றுவித்தார். 1915-இல் கணவருடன் இந்தியா வந்தார். 1917-இல் அன்னி பெசன்ட், டோரதி ஜினராஜதாசர் ஆகியோருடன் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் காண உழைத்தார். சங்கத்தின் 'ஸ்திரீ தர்மம்' இதழ் ஆங்கிலத்தோடு தமிழ்க் கட்டுரைகளையும் தாங்கி வந்தது. 'ஆசியப் பெண்மையின் விழிப்பு' எனப் பொருள்படும் அம்மையாரின் ஆங்கில நூல் 1922-இல் வெளிவந்தது. அவருடைய உரைநடையை வளர்த்தது இவ்விரண்டாம் குழாமே எனலாம்.

1950-இல் சென்னையில் வெளியான தன்வரலாற்றைக் கணவன் மனைவி இருவரும் மாறி மாறி எழுதினர். அதிற் கவிஞரின் பகுதிகளை மட்டும் எடுத்தாள்வோர் பாதி வரலாற்றையே காண்பர். அம்மையாரின் பகுதிகளையும், அவ்விதழின் தமிழ்ப் பக்கங்களையும் ஒருங்கே கற்றல் தமிழ்ப் பெண்டிர் உரைநடை வரலாற்றை ஆராய்வார் கடனாகும்.