மாந்தோல் அடுப்புக்கு, சத்து மண்ணுக்கு

மே, ஜூன் வந்துட்டா கிருஷ்ணகிரி பக்கம் ரோடெல்லாம் மாங்காய் லாரிதான். பெங்களூரா பழத்தை ஏற்றிக்கொண்டு கூழ் ஆலை வாசலில் வரிசையாக நிற்கும். கூழ் டப்பாவுக்குள் போய்விடும். தோலும் கொட்டையும்? பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இந்தப் பொருள், குவியலாகக் கிடந்து நாறுவதைத்தான் பல இடங்களில் பார்க்கிறோம்.

நம்ம தோப்பிலும் இதே கதைதான். காற்றில் உதிர்ந்தது, அணில் கடித்தது, பழ ஈ தாக்கியது என்று மரத்தடியில் அழுகிக் கிடக்கும். பழ ஈயின் புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழு ஆகிறது. அதனால் விழுந்த பழத்தை அப்படியே விடுவது அடுத்த தாக்குதலுக்கு நாமே விதை போடுவது மாதிரி.

இந்தப் பழத்தைப் பொறுக்கி சாண எரிவாயுக் கலனில் போட்டால் அடுப்பு எரியும். 2 கன மீட்டர் கலனுக்கு தினமும் சுமார் 50 கிலோ சாணி வேணும். அதற்கு நாலைந்து மாடு வேணும். ஒரு கன மீட்டர் வாயு ஏறக்குறைய 0.45 கிலோ சிலிண்டர் கேஸுக்குச் சமம். கலன் முழுசாக ஓடினால் பதினாறு நாளில் ஒரு சிலிண்டர் மிச்சம். இரண்டு மாடு மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தக் குறையைப் பருவத்தில் பழம் ஈடுகட்டும். மாவு, சர்க்கரைப் பொருட்களில் ஓடும் சிறு கலனை உருவாக்கிய புனேயின் ஆர்த்தி அமைப்பு 2006-ல் ஆஷ்டன் விருது பெற்றது.

ஆனா ஆசைப்பட்டு அள்ளிப் போடக்கூடாதுங்க. முதல் வருஷம் நான் ஒரே நாளில் மூணு கூடை பழத்தைக் கரைச்சு ஊத்தினேன். நாலாம் நாள் புளிச்ச வாடை; வாயு வந்தது, தீ பிடிக்கலை. பழச் சர்க்கரை வேகமாகப் புளித்து அமிலமாகிவிடும். மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் அந்தப் புளிப்பில் சோர்ந்துபோகும். பழத்தை நிறுத்தி, சாணிக் கரைசல் மட்டும் ஊற்றி வந்தேன். அடுப்பு நீலமாக எரிய மூணு வாரம் ஆச்சு.

அதிலிருந்து கற்றவை இவை:

• நாலு பங்கு சாணிக்கு ஒரு பங்கு பழம். முதல் வாரம் தினமும் இரண்டு, மூன்று கிலோவோடு தொடங்கி மெதுவாகக் கூட்டணும்.

• தோலைப் பொடியாக நறுக்கி, தண்ணீரில் கரைத்து ஊற்றணும்.

• கொட்டை கலனுக்குள் போகக்கூடாது. அடியில் தங்கி அடைக்கும். வெயிலில் காயவைத்தால் நல்ல விறகு.

• எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் வேண்டாம். அந்த எண்ணெய் நுண்ணுயிர்களுக்கு ஆகாது.

• வெளியிலிருந்து வரும் தோலில் பூச்சிமருந்து எச்சம் இருக்கலாம். இயற்கை வேளாண் சான்று பெற்றவர்கள் விசாரித்தே எடுக்கணும்.

வாயுவாகப் போவது பெரும்பாலும் கரிமம்தான். தழை, மணி, சாம்பல் சத்து எல்லாம் வழிந்து வரும் ஸ்லரியில் இருக்கு. தோலைக் கொளுத்தினால் சாம்பல் சத்து மிஞ்சும், தழைச்சத்து புகையோடு போயிடும். கலனில் செரித்தால் அடுப்பும் எரியும், மரமும் சாப்பிடும். கவாத்து செய்த இலையும் சிறு குச்சியும் மூடாக்காகவே கிடக்கட்டும். அது மண்புழுவின் பங்கு.

கூழுக்குப் போகும் ஒவ்வொரு லோடிலும் நம் மண்ணின் சத்தும் சேர்ந்து போகுது. விலை பேசும்போது கூட்டாகப் போய் ஒண்ணு கேளுங்க: பழம் இறக்கின வண்டி காலியாகத் திரும்ப வேண்டாம், தோலை ஏற்றி அனுப்புங்க. ஊருக்கு ஒரு பொதுக் கலன் இருந்தால், அந்தத் தோல் அடுப்பில் எரிந்து ஸ்லரியாகத் தோப்புக்கே திரும்பும்.