உங்களுக்குத் தெரியுமா?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், ஒருவரையொருவர் சுடத் தேடித் திரிந்த எதிரெதிர்க் கும்பல்களின் இளைஞர்கள் ஒரே பேக்கரியில் தோளோடு தோள் நின்று ரொட்டிக்கு மாவு பிசைகிறார்கள். ஹோம்பாய் இண்டஸ்ட்ரீஸ் என்ற அமைப்பின் பேக்கரி அது. பாயில் ஹைட்ஸ் பகுதியின் இயேசு சபைப் பாதிரியார் கிரெகரி பாயில் 1988-இல் தொடங்கிய வேலைத் திட்டம், நகரைக் கலவரம் உலுக்கிய 1992-இல் பேக்கரியாக வளர்ந்தது.

குற்றம் செய்தவனுக்கு வேலை, ஒழுங்காக வாழ்ந்தவனுக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சிறையிலிருந்து வருபவன் திரும்புவது அதே தெருவுக்கு. எல்லாக் கதவும் மூடியிருந்தால் அவனுக்குத் திறந்திருப்பது கும்பலின் கதவு மட்டுமே; அதன் விலையை முதலில் கொடுப்பது அந்தத் தெருவில் ஒழுங்காக வாழும் குடும்பங்கள். வேலை மட்டும் போதாது என்பதையும் இங்கே உணர்ந்திருக்கிறார்கள். 18 மாதத் திட்டத்தில் சம்பளத்தோடு மனநல ஆலோசனையும் படிப்பும் உண்டு.

• முகத்திலும் கழுத்திலும் குத்திய கும்பல் பச்சையை லேசர் கொண்டு இலவசமாக அழிக்கிறார்கள். லேசர் மையைத் துகளாக உடைக்கும்; உடல் அதை மெல்ல மெல்ல அகற்றும். ஒரே அமர்வில் முடியாது, வலியும் அதிகம். அந்த வலியைத் தாங்கிக்கொண்டு இளைஞர்கள் மீண்டும் மீண்டும் வருகிறார்கள்.

• பாயிலுக்கு 2024-இல் அதிபரின் சுதந்திரப் பதக்கம் வழங்கப்பட்டது.